ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிய இன்ஜின்

நானே ஏற்றிய இன்ஜினை நானே எட்டு நாளில் கீழே இறக்கியிருக்கிறேன். முப்பத்தொரு வருஷ மெக்கானிக் தொழிலில் அப்படி நடந்தது ஒரே ஒரு தடவைதான். எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டபோது, அவர் எதிர்பார்த்தது நான் ஜெயித்த கதையாக இருக்கும். அதை எழுதப் பட்டறைக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கோபக்காரன் என்று ஊரில் பெயர் உண்டு, புளுகன் என்ற பெயர் இல்லை. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள இதை எழுதுகிறேன்.

1. இன்ஜின் வயசைக் கேட்காது

என் பெயர் குமரேசன், பட்டறை ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் இருக்கிறது. நசீர் பாய் பதினெட்டு வருஷமாக அங்கே வருகிறார். வருகிறார் என்றால் வண்டியை விட்டுவிட்டுப் போகிறவர் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் கழற்றும் ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு யோசனை சொல்லுவார். நான் கத்துவேன். அவரும் கத்துவார். பிறகு இருவரும் டீ குடிப்போம்.

அவரிடம் ஒரு சின்ன பிக்கப் வண்டி, இரண்டு சிலிண்டர் டீசல். உப்புப் போட்ட பச்சைத் தோலை மண்டியிலிருந்து பதனிடும் டேனரிகளுக்கு ஏற்றிப்போவதுதான் அதன் வேலை. டேனரிக்காரர்கள் ஒவ்வொருவராகச் சொந்த லாரி வாங்கிக்கொண்டதும் பாய்க்கு லோடு கம்மியாகிவிட்டது. வாரத்தில் நாலு நாள் வண்டி வீட்டு வாசலில் நின்றது. அவரும் அதன் பக்கத்திலேயே நின்றார்.

ஒரு நாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். ஆலங்காயத்துக்கு மேலே மலையில் பொன்னுசாமி என்ற வியாபாரி புது ஆள் தேடுகிறாராம். சாமையும் புளியும் கீழே இறங்க வேண்டும், சிமென்டும் மளிகையும் மேலே ஏற வேண்டும். வருஷம் முழுக்க வேலை. வர்ற மாதத்து முதல் திங்கட்கிழமை வண்டியோடு வந்தால் வேலை பாய்க்கு, வராவிட்டால் வாணியம்பாடியில் ஒரு வண்டிக்காரர் தயாராக இருக்கிறார்.

எல்லாம் சரி, வண்டி மலையேறாது. லோடு இல்லாமலே இரண்டாவது வளைவில் பெருமூச்சு விடுகிற வண்டி அது.

"மேஸ்திரி, இதுக்கு ஒரு பெரிய இன்ஜினா பாத்து வெச்சுக் குடு."

"வண்டியவே மாத்திடுங்க பாய்."

"புது வண்டிக்கு லோன் குடுக்கறவன் என் வயசக் கேக்கறான். இன்ஜின் என் வயசக் கேக்காது. நீ வெச்சுக் குடு."

அறுபத்திரண்டு வயசில் ஒரு மனிதன் புதிதாக ஒரு தொழிலைத் தொடங்க நிற்கிறான். அவனிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலையும் எனக்குப் பிடித்த வேலை. சின்ன வண்டியில் பெரிய இன்ஜினை உட்கார வைப்பது என்றால் எனக்குப் பசி தெரியாது.

2. முதலில் கடிதம், பிறகு ஸ்பேனர்

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இன்ஜின் மாற்றுவது என்பது பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது இல்லை. ஆர்டிஓ ஆபீஸில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து, புது இன்ஜின் நம்பரை ஆர்சியில் ஏற்ற வேண்டும். இதைச் செய்யாமல் ரோட்டில் விட்டால், ஒரு சின்ன இடி பட்டாலும் இன்ஷூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் நான் ஸ்பேனரை எடுத்தேன்.

அதே கம்பெனியின் நாலு சிலிண்டர் இன்ஜின் ஒன்று கிடைத்தது. பின்னால் அடிபட்டுச் சரக்கு ஏற்றும் பெட் நசுங்கிப்போன வண்டியிலிருந்து எடுத்தது, முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. பழைய இன்ஜினைவிட நாலு விரற்கடை நீளம் ஜாஸ்தி. ரேடியேட்டரை முன்னால் தள்ளினேன். அதுவும் பெரிய ரேடியேட்டர். புது இன்ஜினோடு அதன் கியர் பாக்ஸும் வந்ததால், பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை லேத்தில் கொடுத்து வெட்டிச் சின்னதாக்கினேன். பிரேக்கை மட்டும் நாலு சக்கரத்துக்கும் புதிதாகப் போட்டேன். மலையில் ஏறுவதற்குத்தான் இன்ஜின் வேண்டும், இறங்குவதற்கு பிரேக்தான் வேண்டும். பாய் அதற்கும் முணுமுணுத்தார்.

அடுத்து சேஸ். அதுதான் வண்டியின் முதுகெலும்பு. இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள், உள்ளே வெற்றிடம். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. தோல் ஏற்றும் வண்டி பட்டறைக்கு வந்தால், மெக்கானிக் முதலில் பின்பக்கம்தான் குனிவான். தோலிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் பெட் வழியாக இறங்கிப் பின் சட்டத்தைத்தான் தின்னும். நானும் சுத்தியலோடு பின்னால் குனிந்தேன். தட்டிப் பார்த்தேன், டங் டங் என்று கணீரென்று கேட்டது. நாலு வருஷத்துக்கு முன் நானே மாற்றிய சட்டம், கேட்காமல் என்ன செய்யும்? முன்பக்கத்தில் தார் பெயின்ட் பளபளவென்று இருந்தது. அதையும் வருஷா வருஷம் நான்தான் அடித்தேன். பிறகு அங்கே என்ன தட்டுவது?

இன்ஜினைத் தாங்கும் புது மவுண்டிங்கை போல்ட் போட்டு இறுக்க, முன் சட்டத்தில் ஓட்டை போட வேண்டியிருந்தது. வலது பக்கம் டிரில் முக்கி முனகிப் போனது. இடது பக்கம் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. புது பிட் வாங்கியதன் பலன் என்று நினைத்துக்கொண்டேன். பதினைந்து நிமிஷ வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்ததே என்று சந்தோஷப்பட்டு டீ வேறு சொன்னேன். அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

3. ஜுலேகா அக்காவின் கண்

செவ்வாய்க்கிழமை இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. சத்தம் கேட்டுப் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர்கூட எழுந்து வந்தார். பாய் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்துப் பார்த்தார்.

"மேஸ்திரி, இது வண்டி இல்ல, குதிர!"

அவர் மனைவி ஜுலேகா அக்கா வேலை முடிந்து போகும்போது பட்டறைக்கு வந்தார். அவருக்கு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. ஷூவின் மேல்பாகத்தில் தையல் ஒழுங்காக ஓடியிருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்கிற கண். வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு இடதுபக்கக் கதவுக்கு முன்னால் நின்றார்.

"மேல ரெண்டு நூல் கேப்பு கீது, கீழ ஒண்ணுதான் கீது. முன்ன இப்டி இல்லியே?"

"பழைய வண்டி அக்கா. கீல் தேஞ்சிருக்கும்."

"ஒரு வாரத்துல தேஞ்சுதா?"

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருஷம் வண்டிக்கு அடியில் கிடந்தவனுக்கு ஷூ தைக்கிற இடத்திலிருந்து பாடமா என்று உள்ளே ஒரு குரல். கீலை இரண்டு தட்டுத் தட்டி வளைத்து, கேப்பைச் சமமாக்கிக் காட்டினேன். "இப்ப பாருங்க" என்றேன். அக்கா பார்த்தார். கதவை ஒரு தரம் திறந்து மூடிவிட்டுப் போய்விட்டார்.

நோயைக் கண்டுபிடிக்காமல் காய்ச்சலை மட்டும் அமுக்கினேன். அன்றைக்கு நான் செய்தது அதுதான்.

4. மலை மேல் உப்பு

புதன்கிழமை சோதனை ஓட்டம். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன், திங்கட்கிழமை லோடு என்று திட்டம். பெட்டில் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வாணியம்பாடி வழியாக ஆலங்காயம் தாண்டினோம். பாய் ஓட்டினார், நான் இடதுபக்கம் உட்கார்ந்திருந்தேன்.

முதல் வளைவு, இரண்டாவது வளைவு. வண்டி மூச்சே விடவில்லை. மூன்றாவதில் ஒரு பஸ்ஸை முந்தினோம். பாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி பஸ் டிரைவருக்கு சலாம் வைத்தார். பதினெட்டு வருஷத்தில் அந்த வண்டி முந்தியது மாட்டு வண்டியை மட்டும்தான்.

"பாத்தியா! பாத்தியா!" என்று கத்தினார்.

அப்போது என் பக்கத்துக் கதவு தானாகத் திறந்தது. இழுத்துச் சாத்தினேன். அடுத்த வளைவில் மறுபடி திறந்தது. மூன்றாவது தடவை பாய் தோளில் கிடந்த துண்டைக் கொடுத்து, "கதவ கட்டிக்கினு வா மேஸ்திரி, நீ உழுந்துட்டா எனக்கு பேஜாரு" என்றார். கட்டிக்கொண்டேன். சிரித்துக்கொண்டேதான் கட்டினேன்.

மேலே பொன்னுசாமி காத்திருந்தார். வண்டி நிற்காமல் ஏறிவந்ததைக் கடை வாசலிலிருந்தே பார்த்திருக்கிறார். பானட்டில் கையை வைத்துப் பார்த்தார், கொதிக்கவில்லை.

"பரவால்ல பாய். திங்கக்கெழம காலைல வந்துடுங்க. சாமை முப்பது மூட்ட கட்டி வெச்சிருக்கேன்."

பாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

டீக்கடை முன்னால் வண்டியைத் திருப்பும்போது டர்ர் என்று ஒரு சத்தம். ஃபேன் இறக்கை ரேடியேட்டர் கூட்டில் உரசுகிற சத்தம். நான் வைத்த இடைவெளியில் அது உரச வழியே இல்லை. அடியில் படுத்தேன். என் மவுண்டிங் அப்படியே இருந்தது, போல்ட்டும் இறுக்கமாக இருந்தது. அந்த போல்ட்டைத் தாங்க வேண்டிய சட்டம்தான் அதைச் சுற்றி அப்பளம் மாதிரி கிழிந்து தொங்கியது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். தார் பெயின்ட்டைத் தாண்டிப் பிடி வரைக்கும் உள்ளே போனது. செதில் செதிலாகத் துரு கொட்டியது. ஒரு செதிலை எடுத்து நாக்கில் வைத்தேன்.

பாய் குனிந்து பார்த்தார். "இன்னா மேஸ்திரி, கீழ படுத்துக்கினு ஊறுகா நக்கற?"

"பாய், முன்னாடி உப்பு எப்டி வந்துச்சு?"

"உப்பு பின்னாடிதான வரும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தோம். தோல் பெட்டில்தான் இருந்தது, தண்ணீர் பின்னால்தான் வடியும். வண்டி சமதளத்தில் நின்றால்.

"பாய், வீட்டாண்ட வண்டிய எப்டி நிறுத்துவீங்க?"

"எறக்கத்துலதான். மூஞ்சி கீழ பாத்த மாதிரி. காலைல நியூட்ரல்ல உருட்டி, கியரு போட்டு கிளட்ச்ச விட்டா ஸ்டார்ட் ஆயிடும். செல்ஃப் வீக்கா கீது, எறக்கத்துல நிறுத்திக்கோங்க பாய், செலவு மிச்சம்னு நீதான சொன்ன?"

நான்தான் சொன்னேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பெரிய கெட்டிக்காரன் மாதிரி. பெட் போல்ட் ஓட்டைகள் வழியாகச் சட்டத்துக்குள் இறங்கிய உப்புத் தண்ணீர், ராத்திரி முழுக்க முன்பக்கம் ஓடி, மூடியிருக்கும் முனையில் தேங்கியிருக்கிறது. அந்தத் தெரு இடதுபுறச் சாக்கடையைப் பார்த்துச் சாய்ந்திருப்பதால் இடது சட்டம்தான் அதிகம் குடித்தது. வெளியே நான் அடித்த தார் பெயின்ட் பளபளக்க, உள்ளே நான் சொன்ன யோசனை இரும்பைத் தின்றுகொண்டிருந்தது. பழைய சின்ன இன்ஜின் அதன்மேல் பேசாமல் உட்கார்ந்திருந்தது. நான் வைத்த குதிரை மேட்டில் திமிறியதும் கிழிந்துவிட்டது. ஜுலேகா அக்கா பார்த்த கேப்பு அந்தக் கிழிசலின் ஆரம்பம்.

5. சாவி

மணலைக் கொட்டிவிட்டு, இன்ஜினை வலது சட்டத்தோடு சங்கிலி போட்டு இழுத்துக்கட்டி, ஆமை வேகத்தில் இறங்கினோம். பட்டறைக்கு வந்து சேரும்போது சாயங்காலம். வண்டி நின்றதும் சாவியை உருவி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"ஒரு பிளேட்டு வெச்சு வெல்டிங் அடிச்சுடு மேஸ்திரி. திங்கக்கெழம ஒரே ஒரு நட போய்ட்டு வந்துடறேன். அப்பறம் பொறுமையா பாத்துக்கலாம்."

"முடியாது."

"என் வண்டி, என் சாவி!"

"இன்ஜின் நான் ஏத்தினது! அது நடு வளைவுல கீழ எறங்கினா ஸ்டியரிங் உங்க கைல இருக்காது பாய்!"

"இந்த லோடு போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் இல்ல, தெரியும்ல உனக்கு? பொன்னுசாமி அந்த வாணியம்பாடிக்காரனுக்குக் குடுத்துட்டா அப்பறம் திருப்பியா குடுப்பாரு?"

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிஷம் நானும் பிளேட்டைப் பற்றித்தான் நினைத்தேன். மேலே தார் பெயின்ட் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? குமரேசன் துருவேறிப் பழுத்துப்போன சேஸில் இன்ஜின் வைத்தான் என்று பைபாஸ் முழுக்கப் பேசுவார்களே என்ற பயம் பாயின் பயத்துக்குக் குறைந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து ஜுலேகா அக்கா வந்தார். நாங்கள் கத்திய கத்தில் விஷயம் அவருக்கு ரோட்டிலேயே தெரிந்திருக்கும். குனிந்து அந்தக் கிழிசலைப் பார்த்தார். பிறகு பாயிடம் திரும்பினார்.

"எங்க லைன்ல தையல் கோணலாப் போனா பிரிச்சுட்டு அதே ஓட்டைல தைக்க மாட்டாங்க. ஒரு தடவ ஊசி ஏறின எடம் வீக்கு, இழுத்தா கிழிஞ்சுடும். பீஸயே மாத்துவாங்க. உளுத்துப்போன இரும்பு மேல பிளேட்டு வெச்சா, அந்தப் பிளேட்டு எத்தப் புடிச்சிக்கினு நிக்கும்?"

அக்கா என்னிடம் திரும்பினார்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா நான் சொன்னப்ப கீலுன்னு ஏன் சொன்னீங்க?"

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"தப்பு என்னுதுதான் அக்கா. நீங்க சொன்னப்பவே நான் கீழ படுத்துப் பாத்திருக்கணும். எறக்கத்துல நிறுத்தச் சொன்னதும் நான்தான்."

அந்தப் பட்டறையில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பாய் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். கோபத்தில் இருக்கிறவனுக்கு எதிராளி ஒப்புக்கொண்டுவிட்டால் அடுத்து என்ன பேசுவது என்று தெரியாது. ஸ்டூலில் உட்கார்ந்து, போனை எடுத்துப் பொன்னுசாமிக்குப் போட்டார்.

"அண்ணே, திங்கக்கெழம முடியாது... இல்ல, இன்ஜின் சூப்பரு. எங்க மேஸ்திரி சொதப்பிட்டாரு... ஆமாண்ணே, அவரே சொல்றாரு சொதப்பிட்டேன்னு!"

நான் அதைக் கேட்டுக்கொண்டே இன்ஜினைத் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டினேன். இந்தத் திங்கள் வாணியம்பாடி வண்டி போகும், அடுத்த திங்கள் வந்தால் பார்க்கலாம் என்று பொன்னுசாமி சொல்லிவிட்டார். பார்க்கலாம் என்ற வார்த்தைக்கு வியாபாரத்தில் என்ன அர்த்தம் என்று பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

6. மறுபடி ஏற்றியது

இன்ஜினை இறக்கினேன். ராணிப்பேட்டையில் கெமிக்கல் கம்பெனிகளுக்கு டேங்க் வெல்டிங் செய்யும் ஜோசப்பை வரவழைத்தேன். பேக்கரிக்கு பன் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய வண்டியின் சேஸிலிருந்து இடதுபக்க முன்சட்டத்தை முழுசாக வெட்டி எடுத்தோம். பன்னிலிருந்து உப்புத் தண்ணீர் வடியாது பாருங்கள். பழுத்த இடத்தைத் தாண்டி, நல்ல இரும்பு வரும் வரைக்கும் பின்னால் போய் வெட்டி, அங்கே இணைத்தார் ஜோசப். சேஸ் நம்பர் இருப்பது வலது சட்டத்தில், அதைத் தொடவில்லை. தண்ணீர் வெளியே போக முனையில் ஓட்டை வைத்தோம். புது செல்ஃப் மோட்டாரை என் செலவில் போட்டேன். பாய் வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா. கையில் சின்னச் சுத்தியல். முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே வந்தார். இடது முன்பக்கம் வந்ததும் நின்றார். அவர் கேட்பதற்குள் நானே நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"நீங்க சொல்லலைன்னாலும் கண்டுபுடிச்சிருப்பேன்" என்றார். "சொன்னதால எனக்கு அர மணி நேரம் மிச்சம். பிரேக் டெஸ்டுக்கு எடுங்க." டெஸ்டில் வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. தொழுகை நேரத்துக்கு முன்னால் பாயை அனுப்பியும் விட்டார்.

திங்கட்கிழமை நாங்கள் மலைக்குப் போனபோது வாணியம்பாடி வண்டி முன்னாலேயே நின்றிருந்தது. பொன்னுசாமி சங்கடத்தோடு, சரக்கை ஆளுக்குப் பாதி என்று பிரித்தார். பாய் முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் தன் பாதியை ஏற்றிக்கொண்டு இறங்கினார், வாணியம்பாடி மண்டியில் போட்டார், சிமென்ட்டை ஏற்றிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மறுபடி மலைமேல் வந்து நின்றார். வழியில் ஏழாவது வளைவில் அந்த இன்னொரு வண்டி சிமென்ட்டோடு பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. பாய் நிறுத்தி, தன் கேனிலிருந்த தண்ணீரை அந்த வண்டிக்காரருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். இப்போது மேலே ஏறும் சிமென்ட் முழுக்க பாயுடையது. கீழே இறங்கும் சாமையையும் புளியையும் இருவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், தோஸ்த்தும் ஆகிவிட்டார்கள்.

இதில் கற்றது என்ன என்று செயலாளர் கேட்பார். இப்போதெல்லாம் எந்த வண்டி வந்தாலும் என்ன லோடு ஏற்றுகிறீர்கள் என்பதோடு, ராத்திரி எங்கே, எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்றும் கேட்கிறேன். சுத்தியலால் முன்னாலும் தட்டுகிறேன். டிரில் சுலபமாக இறங்கினால் டீ சொல்வதில்லை, பயப்படுகிறேன். வண்டியின் சொந்தக்காரர் வீட்டுப் பெண்கள் ஏதாவது சொன்னால் உடனே கீழே படுத்துவிடுகிறேன்.

நான் பயந்தது போலவே பாய் இந்தக் கதையை ஆம்பூரில் ஒரு டீக்கடை விடாமல் சொல்லி முடித்தார். பெயர் போயிற்று என்று நான் பத்து நாள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். பதினோராவது நாள் ஒரு டேனரி மேனேஜர் பட்டறை முன்னால் வந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் மூன்று வண்டிகள்.

"குமரேசன் மேஸ்திரி நீங்கதான?"

"நான்தான். இன்னா விஷயம்?"

"தப்பே பண்ணாத மேஸ்திரிங்க ஊர்ல நெறைய பேரு கீறாங்களாம். பண்ணா சொல்ற மேஸ்திரி நீங்க ஒருத்தர்தான்னு நசீர் பாய் சொன்னாரு."

அது பாராட்டா, திட்டா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மூன்று வண்டியையும் உள்ளே விடச் சொன்னேன்.